ஊர்வலத்தில் இல்லாதவள்

இல்சபேயைச் சூனியக்காரி என்று சொல்கிறவர்கள் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லிப் பார்க்கட்டும். என் கையில் இருக்கிற அடுப்பு இடுக்கி சும்மா இருக்காது. அவள் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்ததில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். வேண்டாம் வேண்டாம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டும் பார்த்தாள்.

எங்கள் ஊர் எல்லர்ஹோர்ன். ஊர் என்பதே பெரிய பேச்சு. ஐந்து பண்ணைவீடுகள், ஒரு குடிசை. மூன்று பக்கம் சதுப்பு, ஒரு பக்கம் மணல்மேடும் ஊதாப்பூப் புதரும். மணல்திட்டின்மேல் புயலுக்குத் தடுப்பாக யாரோ நட்டுவைத்த ஓக் மரங்கள், அவற்றுக்கு நடுவே நீளநீளமான கூரைவீடுகள். ஒரே கூரைக்குக் கீழே ஒரு முனையில் மாடும் குதிரையும், மறுமுனையில் நாங்கள், நடுவில் அடுப்பு. பழைய காலத்தில் ஏழு பண்ணைகள் இருந்தனவாம். ஸ்வீடன் படை வந்தபோது இரண்டைக் கொளுத்திவிட்டுப் போனது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வரவில்லை. அந்த இரண்டு மனையிலும் இன்றுவரை யாரும் எதையும் நடுவதில்லை. உருளைக்கிழங்கு அங்கே அருமையாக விளையும், மண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அதை யார் தின்பது?

கோயிலும் கல்லறையும் மருத்துவச்சியும் சதுப்புக்கு அந்தப் பக்கம், கோயிலூரில். கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் சுற்றுவழியாக மேட்டுச்சாலையில் போவோம். சதுப்பின் குறுக்கே மரக்கட்டைகளைப் பரப்பிப் போட்ட பாதை ஒன்று உண்டு. அது பிணம் போகிற பாதை. எந்த நிலத்தின் வழியாகப் பிணம் போகிறதோ அந்த வழியை அப்புறம் யாரும் மறிக்க முடியாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அவனவன் தன் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டு, எந்தக் காலத்திலும் வேறு வழியில் பிணத்தை விட்டதில்லை. அந்தப் பாதை எங்கள் முற்றத்து வாயிலில் தொடங்கி, தேனீ வேலியை ஒட்டிப் போய்ச் சதுப்பில் இறங்குகிறது. கல்யாணமாகி வந்த அன்றைக்கே எனக்கு அதைக் காட்டிவிட்டார்கள்.

முறைவீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறைவீடு உண்டு. பிறப்பானாலும் இறப்பானாலும் முதலில் ஓடிவர வேண்டியவர்கள் அவர்கள். மருத்துவச்சியைக் கூட்டிவருவது, செத்தவரைக் குளிப்பாட்டுவது, மாடுகளுக்கும் தேனீக்களுக்கும் சாவுச்செய்தி சொல்வது, தங்கள் குதிரையைப் பூட்டிச் சவப்பெட்டியை இழுப்பது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத சண்டை இருந்தாலும் வந்துதான் ஆக வேண்டும். எங்களுக்கு முறைவீடு ஹின்னெர்க் மாமா வீடு. இங்கே இருமினால் அங்கே கேட்கும்.

இல்சபே ஆட்டிடையனின் மகள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒருநாள் சாப்பிடுகிற இடத்தில், "அப்பா, உங்க தொப்பி ஏன் பெட்டிமேல இருக்கு?" என்று கேட்டாளாம். எந்தப் பெட்டி என்று யாருக்கும் புரியவில்லை. வசந்தத்தில் அப்பன் செத்தான். பெட்டிமேல் அவன் தொப்பியை வைத்தபோது அவள் அம்மா எல்லார் முன்னாலும் அவளை அறைந்தாள். அம்மாவின் முறை வந்தபோது இல்சபே அதையும் பார்த்தாள். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொழுது சாய்கிற நேரத்தில்தான் அது வரும், இனிமேல் நடக்கப்போகிற சாவு ஊர்வலம். முதலில் சக்கரச் சத்தம் கேட்காமல் குதிரைகள் வரும். உடனே பாதையை விட்டு இறங்கி வேலியோரமாக நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் வருகிற கூட்டம் இடித்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். அவள் இடது தோளில் எப்போதும் ஒரு கன்றிப்போன தழும்பு இருக்கும். அதை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது.

அதற்காக அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் என்று நினைக்க வேண்டாம். ஆடு மேய்த்துக்கொண்டே காலுறை பின்னுவாள். கோடையில் சதுப்பில் இறங்கி, காயவைத்து அடுப்பெரிக்கிற எரிமண் கட்டி வெட்டுவாள், ஆம்பிளைகளுக்குச் சரியாக. எங்கள் வேலியில் இருக்கிற வைக்கோல் தேன்கூடுகள் எல்லாம் அவள் பொறுப்பு. கோயிலூர்த் தச்சன் ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு வந்தான். சவப்பெட்டியும் அவன்தான் செய்வான். "நீ முன்னாடியே ஆளைச் சொல்லிட்டா, நான் பலகையை அளந்து வாங்கிடுவேன், பாரு" என்று இளித்தானாம். பால்வாளியால் அவன் மண்டையில் ஒன்று போட்டாள். அதோடு கல்யாணப் பேச்சு முடிந்தது.

கிழங்கு தோண்டும்போது ஹின்னெர்க் மாமா அவளை விடவே மாட்டார்.

"என்ன இல்சபே, இந்தக் குளிர்காலத்துக்கு யாரு பேரு வந்திருக்கு?"

"உன் பேரு இல்லை, பயப்படாதே. உன் வாய் நாத்தத்துக்குச் சாவே கிட்ட வரமாட்டேங்குது."

எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் அவள் பக்கத்து வரிசையில் குனிந்து தோண்ட ஒருத்தரும் வரமாட்டார்கள். நான்தான் போய் நிற்பேன். நான் அடுத்த ஊர்க்காரி, இந்த ஊரில் எனக்கென்று பேச ஆளில்லாதவள். என் மாமியார் ஆல்ஹைட் வேலை சொல்வதற்கு மட்டும் வாய் திறக்கிற பெண்மணி. என் புருஷன் ஹார்ம் அதற்கும் திறக்காதவர். இல்சபேதான் எனக்கு இந்த மண்ணில் கிடைத்த முதல் சிநேகம்.

ஒருநாள் கிழங்குக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "ஒரே ஒரு தடவை நான் தப்பாப் பார்த்திருக்கக் கூடாதாடி, தோர்த்தா? ஒருத்தி தலையில கறுப்புத் துணின்னு பார்த்தா, அன்னைக்கு அது பழுப்பா இருந்தாக்கூடப் போதும். அப்புறம் பார்க்கிறதையெல்லாம் 'போ, பொய்'னு சொல்லிட்டு நிம்மதியாத் தூங்குவேன்."

"அப்படி ஒரு தடவைகூட ஆனதில்லையா?"

"இல்லை." மறுபடி தோண்டத் தொடங்கிவிட்டாள்.

நான் வந்த மூன்றாம் வருஷம் பிள்ளை உண்டானேன். அந்த அக்டோபரில் இல்சபே என்னைக் கண்டால் ஒதுங்க ஆரம்பித்தாள். பாலுக்கு வந்தால் என் மாமியாரிடம் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாள். நான் வயலுக்குப் போனால் அவள் மறுகோடிக்குப் போவாள். எனக்குப் பொறுமை கிடையாது. ஒருநாள் தேனீ வேலியில் அவளை மடக்கினேன்.

"என்ன இல்சபேக்கா, நான் என்ன பேயா? என்னைக் கண்டா ஏன் ஓடறே?"

"வேலை கிடக்குடி."

"எனக்கும்தான் கிடக்கு. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

அவள் என் மூஞ்சியைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேக்காதே தோர்த்தா."

"பார்த்துட்டியா?"

இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என்னையா பார்த்தே?"

"உன்னைப் பார்க்கலைடி," என்றாள். "அதுதானே விஷயம். ஹின்னெர்க் குதிரைதான் இழுக்குது, அந்த வெள்ளைக்கால் குதிரை. உங்க முற்றத்து வாயில்லேருந்து வண்டி வருது. நல்ல பனி. பெட்டிக்குப் பின்னாடி முதல் ஆளா ஹார்ம் நடக்கிறான், தொப்பி கையில. பின்னாடி உன் மாமியார். அப்புறம் அஞ்சு வீட்டுச் சனமும். கடைசி ஆள் என்னைத் தாண்டிப் போற வரைக்கும் பார்த்தேன். உன்னை மட்டும் காணோம்."

எங்கள் முற்றத்திலிருந்து புறப்படுகிற பெட்டி, அதை இழுக்கிற முறைவீட்டுக் குதிரை, முதலில் நடக்கிற ஹார்ம். இதற்குமேல் என்ன வேண்டும்? கையில் இருந்த வாளியை வேலிமேல் வீசி எறிந்தேன்.

"சொல்லாமலே இருந்து தொலைச்சிருக்கலாமே நீ!"

"நீதானேடி கேட்டே!" என்று அவளும் கத்தினாள். அப்புறம் இரண்டு பேரும் அந்த வேலியோரமே உட்கார்ந்து அழுதோம்.

அன்று சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். ஹார்ம் கரண்டியைக் கீழே வைத்தார். என் மாமியார் எழுந்து இல்சபேயின் குடிசைக்கே போய், "இனிமே என் வாசப்படியை மிதிச்சே, நாயை அவிழ்த்து விட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நான் வாழ்ந்ததை வாழ்ந்தது என்று சொல்ல முடியாது. யாரும் என்னிடம் கோபமாகப் பேசுவதில்லை. தடித்த பன்றிக்கொழுப்புத் துண்டை என் தட்டில்தான் வைத்தார்கள். வசந்தத்தில் எந்த வயலில் எதை விதைப்பது என்று பேச்சு வரும்போது மட்டும் என் பக்கம் திரும்ப மாட்டார்கள். ஹார்ம் தொட்டில் செய்ய ஆரம்பித்து, ஒரு பக்கத்தை முடித்து, அப்படியே பரணில் ஏற்றிவிட்டார். வேலைக்காரி ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் என் கரண்டியை வைக்க மறந்தாள். அவளை யாரும் திட்டவில்லை. நானே எழுந்துபோய் எடுத்துக்கொண்டேன். ஒரு வீட்டில் உயிரோடு நடமாடிக்கொண்டே இல்லாமல் போவது எப்படி என்று அந்த மாதங்களில் தெரிந்துகொண்டேன். சில நாள் அடுப்பங்கரையில் நிற்கும்போது, என் நிழல் விழுகிறதா என்று திரும்பிப் பார்த்ததும் உண்டு.

எங்கள் பக்கத்தில் மணப்பெண் சீர்ப்பெட்டியிலேயே தன் பிணச்சட்டையையும் தைத்து எடுத்து வருவாள். ஒரு வெயில் நாளில் பார்த்தால், என்னுடையது வெளியே புல்மேல் வெளுக்கக் கிடக்கிறது. கைகளை விரித்துக்கொண்டு.

"என்ன அத்தை இது? நான் இன்னும் இங்கே நின்னு அடை தின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"மடிப்பிலே மஞ்சளடிச்சுக் கிடந்துச்சு" என்றார், என்னைப் பார்க்காமல். "எப்படியும் ஒருநாள் வெளுக்க வேண்டியதுதானே."

முன்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபம் வந்த எனக்கு அதைப் பார்த்ததும் பயம் வந்தது. கல்நெஞ்சக்காரி என்று நான் நினைத்த மனுஷியே அழுகிறாள் என்றால்?

ஹின்னெர்க் மாமா ஒருவர்தான் சண்டைக்கு நின்றார். ஒருநாள் பார்த்தால் வெள்ளைக்கால் குதிரையின் காலில் வண்டிச்சக்கரத்துத் தாரை அப்பிக்கொண்டிருக்கிறார். குதிரை உதைக்கிறது, இவர் அதைத் திட்டுகிறார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"வெள்ளைக்கால் குதிரைதானே இழுக்குது? எங்கே, இப்போ வெள்ளைக்கால் குதிரையைக் காட்டச் சொல்லு அவளை! உனக்காக ஒரு டப்பா தாரைக் காலி பண்ணிட்டேன், பொண்ணே. நீ மட்டும் செத்தே, உன்னைச் சும்மா விடமாட்டேன்."

அன்றைக்கு நான் சிரித்தேன். இரவெல்லாம் அழுதேன். சாக எனக்கு இஷ்டமில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது.

இல்சபே எங்கள் வாசலுக்கு வரவில்லை. முற்றத்து வாயிலுக்கு வெளியே வந்து நிற்பாள். அவள் வைத்துவிட்டுப் போன தேன்ஜாடியை என் மாமியார் சாணிக்குப்பையில் எறிந்தார். மெலிந்து எலும்பாகிவிட்டாள். ஊரில் ஒருவரும் அவளிடம் பேச்சுக்கூட வைத்துக்கொள்ளவில்லை. கேலி பேசுகிற ஹின்னெர்க் மாமாவும் நிறுத்திவிட்டார். தான் பார்த்ததைத் தானே கொண்டுவந்ததுபோல அவள் தன்னைத் தின்றுகொண்டிருந்தாள்.

ஜனவரியில் பனி மண்டிக் கிடந்தபோது எனக்கு வலி எடுத்தது. காலையில் ஆரம்பித்தது, மத்தியானமாகியும் பிள்ளை இறங்கவில்லை. கால் முன்னால் வருகிறது என்று என் மாமியார் தடவிப் பார்த்துச் சொன்னார். முறைப்படி ஹின்னெர்க் மாமா மருத்துவச்சியைக் கூட்டிவர மேட்டுச்சாலையில் வண்டியை விட்டார். பாதி வழியில் பனிச்சுவர் குதிரை மார்புவரை நிற்கிறது என்று திரும்பி வந்துவிட்டார். மிச்சம் இருப்பது சதுப்புக் கட்டைப்பாதை. அது பனிக்குக் கீழே எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஓரடி தவறினால் ஆளை விழுங்கிவிடும்.

எங்கள் படுக்கை சுவருக்குள் பதித்த அலமாரிக்கட்டில். கதவு திறந்திருந்தது, அடுப்பங்கரை முழுக்க எனக்குத் தெரிந்தது. பெரிய கதவைத் தள்ளிக்கொண்டு இல்சபே உள்ளே வந்தாள். தலையெல்லாம் பனி.

"நான் போறேன். கட்டைப்பாதை எனக்குத் தெரியும். வருஷம் பூரா அங்கேதான் எரிமண் வெட்டறேன்."

என் மாமியார் கொதித்துப்போய் நின்றார். பல மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது.

"வந்துட்டியா? வாய் வெச்சது பத்தலைன்னு வேடிக்கை பார்க்க வந்துட்டியா? எங்க நிலத்திலே உன்னைக் குடி வெச்சதுக்கு இதுதான் பலனா? நாளைக்கு நீ செத்தா உன் பெட்டி இந்த முற்றத்திலேருந்துதான் போகணும். என் மகன்தான் பின்னாடி நடக்கணும். எங்க முறைவீட்டுக் குதிரைதான் உன்னையும் இழுக்கணும். உனக்கு வேற நாதி இருக்கா? நன்றி கெட்ட ஜென்மம்!"

இல்சபே அசையாமல் நின்றாள்.

"மறுபடி சொல்லுங்க, ஆல்ஹைட்டம்மா."

"என்னத்தைச் சொல்லணும்?"

"என் பெட்டிக்குப் பின்னாடி ஹார்ம் நடக்கணுமா? முதல் ஆளா?"

"பின்னே? உன் தேனீயா நடக்கும்?"

அப்போது அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஐயோ, அந்தச் சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சின்னப் பெண் சிரிப்பதுபோல. ஹின்னெர்க் மாமா அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எண்ணிச் சிலுவை போட்டுக்கொள்ளாத குறை. அவள் நேரே என்னிடம் வந்து, சில்லென்ற இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தாள்.

"தோர்த்தா! அடி தோர்த்தா! பெட்டியிலே நீ இல்லைடி!"

"அப்போ நான் எங்கே?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஊர்வலத்திலேதான் நான் இல்லையே?"

"பிள்ளை பெத்தவ ஆறு வாரம் முடியாம எந்த ஊர்லேடி வெளியே வருவா? நீ இங்கே, இந்தக் கட்டில்லே, பால் கொடுத்துக்கிட்டுக் கிடக்கிறே! இது எனக்குத் தோணவே இல்லையே. ஊரையே எண்ணினேன், ஒரு ஆளை எண்ணாம விட்டுட்டேன். மடச்சி, மடச்சி!"

என் நெற்றியில் முத்தமிட்டாள். அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்ததெல்லாம் நான் சாகப்போவதில்லை என்பதுதான். அக்டோபரிலிருந்து மார்பில் உட்கார்ந்திருந்த பாறை உருண்டு விழுந்தது. உடம்பில் எங்கிருந்தோ பலம் வந்தது.

அவள் கம்பை எடுத்துக்கொண்டாள். ஹார்ம் கோட்டை மாட்டிக்கொண்டு, "நானும் வரேன்" என்றார்.

"நீ எதுக்கு? நீ சதுப்பிலே விழுந்துட்டா பெட்டிக்குப் பின்னாடி யாரு நடக்கிறது? பேசாம வீட்டிலே இரு."

கதவு சாத்திய பிறகுதான், அடுத்த வலி வந்து போன பிறகுதான், அவள் எண்ணாமல் விட்ட ஆள் யார் என்று எனக்கு உறைத்தது. "அவளைக் கூப்பிடுங்க, போகவிடாதீங்க!" என்று அலறினேன். ஹார்ம் ஓடினார். பனியில் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பி வந்தார். நான் சாகக் கூடாது என்று அவளை மேலும் தேடாமல் அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றதையும் பார்த்தேன். அவரை நான் குறை சொல்லவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் மருத்துவச்சி வந்து சேர்ந்தாள். பிள்ளையைத் திருப்பி எடுத்தாள். பெண். நீலம் பாரித்துக் கிடந்தது, ஒரு தட்டுத் தட்டியதும் வீடே அதிரக் கத்தியது. வழக்கப்படி மாமியார் பேரையே வைக்க வேண்டியிருந்தது, என்ன செய்ய.

"இல்சபேக்கா எங்கே?" என்று கேட்டேன்.

"எனக்கு முன்னாடி நடந்து வழி காட்டிக்கிட்டே வந்தா," என்றாள் மருத்துவச்சி. "ஒரு இடத்திலே இடுப்பளவு தண்ணியிலே இறங்கிட்டா, ஆனா என்னைக் கட்டையிலேயே நிக்க வெச்சுட்டா. உங்க தேனீ வேலிகிட்டே வந்ததும், 'நீ போ, நான் வழி விட்டு நின்னுக்கிறேன்'னு ஓரமா ஒதுங்கிட்டா. பின்னாடியே வருவான்னு நெனைச்சேன்."

ஹார்ம் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். வேலியோரம் உட்கார்ந்திருந்தாள், கைகளை முன்துணிக்குள் சுருட்டிக்கொண்டு, முகம் பாதையைப் பார்த்தபடி. உடைகள் பலகையாக உறைந்திருந்தன. கண் திறந்திருந்தது. யாரோ கடந்து போவதற்காக நின்று, நின்று, கால் ஓய்ந்து உட்கார்ந்தவள்போல இருந்தாளாம்.

ஹின்னெர்க் மாமா தேன்கூடுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, "உங்க இல்சபே போயிட்டா" என்று சொன்னார். காதை வைத்துக் கேட்டபோது எல்லாக் கூடும் ஒன்றாக ஒருமுறை முனகி நின்றதாக வந்து சொன்னார். அவளுடைய பெட்டி எங்கள் வீட்டு நடுத்தளத்தில் இரண்டு முக்காலிமேல் கிடந்தது. நான் கட்டிலில் படுத்தபடி, பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். நன்றி சொல்லக்கூட ஆள் இல்லை. அழுது அழுது பால் புளித்துவிடும் என்று மாமியார் அதட்டினார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

அடக்கத்தன்று காலையில் பனி கொட்டுவது நின்றிருந்தது. மாமியார் கறுப்பு உடுத்திக்கொண்டு வந்து, என் தலையணைக்குக் கீழே கோயில் பாட்டுப்புத்தகத்தைக் காவலுக்காகச் சொருகினார்.

"கோயிலுக்குப் போய்ப் போதகர் ஆசீர்வாதம் பண்ற வரைக்கும் கூரைத்தண்ணி சொட்டற கோட்டைத் தாண்டக் கூடாது, தெரியுமில்லே? தாண்டினா உன் கால் பட்ட இடத்திலே புல்லு முளைக்காது. பேய் வந்து பிள்ளையையும் மாத்தி வெச்சுட்டுப் போயிடும்."

"தெரியும் அத்தை."

பெரிய கதவு வழியாகப் பெட்டி போனது. வெளியே ஹின்னெர்க் மாமாவின் குதிரைகள் நின்றன. தார் அப்பிய இடத்தில் முடி உதிர்ந்து புதுமுடி முளைத்து, அந்தக் கால் முன்னைவிட வெள்ளையாக இருந்தது. ஹார்ம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றார். பின்னால் என் மாமியார். அப்புறம் ஐந்து வீட்டுச் சனமும். உயிரோடு இருந்தபோது அவளோடு பேசாதவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வண்டி நகர்ந்தது. வீட்டில் நானும் பிள்ளையும் மாடுகளும் மட்டும்.

அவள் பார்த்தது ஒன்றுவிடாமல் நடந்துகொண்டிருந்தது. பொத்துக்கொண்டு வந்தது எனக்குக் கோபம். வாழ்நாள் முழுக்கச் சரியாகப் பார்த்து அவளுக்கு என்ன கிடைத்தது? அம்மாவிடம் அறை, தோளில் தழும்பு, பக்கத்தில் ஆளில்லாத கிழங்கு வரிசை. ஒரே ஒரு தடவை தப்பாகிவிட வேண்டும் என்று கேட்டாள். ஒரு தலைத்துணியின் நிறம் மாறினாலே போதும் என்றாள். அதைக்கூடவா கொடுக்கக் கூடாது?

எழுந்தேன். கட்டில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கூடையோடு அதைப் பசுக்களின் சூட்டுப் பக்கம் இழுத்துவைத்தேன். ஹார்மின் பழைய பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, கூரைத்தண்ணிக் கோட்டை ஒரே எட்டில் தாண்டினேன்.

பெட்டிக்குப் பின்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் கண்ணில் யார் படுகிறாரோ அவர்தான் அடுத்தது. அதனால் ஒருவரும் திரும்பவில்லை. கடைசி ஆளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நடந்தேன். என் கால் பனியில் எழுப்பிய சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். தோள்கள் இறுகின. நடை வேகமானது.

தேனீ வேலி வந்தது. அவள் நின்று பார்க்கிற இடம். அங்கே யாரும் இல்லை, பனி மேடு பள்ளமில்லாமல் கிடந்தது. ஆனால் அக்டோபரில் அவள் அங்கேதானே நின்றாள்? இந்தக் குதிரையை, இந்தப் பெட்டியை, இந்தச் சனத்தைத்தானே பார்த்தாள்? அப்படியென்றால் இப்போது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். கடைசி ஆள் போகிற வரைக்கும் பார்த்தேன் என்றாளே. போர்வையை விலக்கிக் கையைத் தூக்கிக் கத்தினேன்.

"இல்சபேக்கா! இங்கே பாரு! போயிடாதே, இன்னும் கொஞ்சம் நில்லு! பின்னாடி பாரு, நான் வரேன்!"

குதிரைகளின் காதுகள் பின்னால் மடங்கின. ஊர்வலம் ஒரு நொடி தடுமாறியது. ஒரு பெண் விம்மினாள். ஒருவரும் திரும்பவில்லை. ஹின்னெர்க் மாமா சாட்டையைச் சொடுக்கினார், வண்டி கட்டைப்பாதையில் கடகடவென்று இறங்கியது. வேலியோரத்திலிருந்து பதில் எதுவும் வரவில்லை. நான் எதிர்பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சதுப்பின் விளிம்புவரை அவர்களோடு நடந்தேன். அதற்குமேல் கால் வரவில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் கட்டிலில் கிடந்தேன், பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. என் மாமியார் முகம் வெளுத்துப்போய் அடுப்பருகே உட்கார்ந்தார்.

"வேலிகிட்டே போறப்போ ஒரு குரல் அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. எல்லாரும் கேட்டோம். அப்படியே உன் குரல் மாதிரி."

"யாராம்?"

"யார் திரும்பிப் பார்ப்பா? இந்த உலகத்துக் குரல் இல்லை அது." இடுக்கியால் தணலைக் கிளறிவிட்டார். "பாவி மக, அவ பார்த்தது ஒரு இம்மி பிசகலைடி. ஊரே இருந்துச்சு. நீ ஒருத்திதான் இல்லை."

"ஆமா அத்தை" என்றேன். என் கால் போர்வைக்குள் இன்னும் சூடேறவில்லை.

ஊரில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். இல்சபே கடைசியாகப் பார்த்ததும் அச்சுப் பிசகாமல் நடந்தது என்று கிழங்கு தோண்டும்போது புதுசாக வந்த பெண்களுக்குச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். இடுக்கியோடு நான் கிளம்புவது அதனால்தான். அவள் தப்பாகப் பார்த்தாள். நான் அங்கே இருந்தேன்.